பாலைவனத்தில் ஒளித்த ஓவியங்களும் ஒரு பொய்யும்

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ், வெனிஸ் ஆகிய இரு நகரங்களிலும் ஏறக்குறைய ஒரே வேளையில் ஓர் ஓவியக் கண்காட்சி திறக்கப்பட்டது. உஸ்பெகிஸ்தான் நாட்டின் தாஷ்கண்ட், நுக்குஸ் நகர அருங்காட்சியகங்களிலிருந்து வந்த ஓவியங்கள் அவை. சோவியத் ஆட்சிக்காலத்தில் அவற்றுள் பலவற்றைப் பொதுமக்கள் பார்க்கும் சுவரில் மாட்டுவதற்கே துணிவு வேண்டியிருந்தது. வரைந்தவர்களில் சிலர் கைதானார்கள். வேறு சிலர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, பிழைப்புக்காக அரசு கேட்டதை மட்டும் வரைந்து கொடுத்தார்கள்.

இந்த ஓவியங்களின் கதையை உலகம் பரவலாக அறிந்ததில் ஓர் ஆவணப்படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 'தி டெஸர்ட் ஆஃப் ஃபர்பிடன் ஆர்ட்' என்பது அதன் பெயர். 'தடைசெய்யப்பட்ட கலையின் பாலைவனம்' என்று தமிழில் சொல்லலாம். அமாண்டா போப், ச்சவ்தார் கியோர்கியெவ் ஆகிய இருவரும் இணைந்து இயக்கிய, 80 நிமிடம் ஓடும் படம். 2010-இல் முடிந்து, 2011 மார்ச்சில் நியூயார்க் திரையரங்கில் வெளியானது. அடுத்த மாதமே அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பானது. கதாநாயகரின் எழுத்துகளுக்குக் குரல் கொடுத்திருப்பவர் பென் கிங்ஸ்லி. 'காந்தி' படத்தில் நடித்தவர் என்றால் நம்மவர்களுக்கு உடனே புரியும்.

படத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பாராட்டியே எழுதினார்கள். பாராட்டுக்கு உரிய படம்தான். ஆனால் அவர்கள் பாராட்டிய விதத்தில் ஏதோ ஒன்று விடுபட்டுப் போனதாக எனக்குப் படுகிறது. அதைச் சொல்வதற்கு முன் கதையைச் சுருக்கமாகவேனும் பார்க்க வேண்டும்.

இகோர் சவிட்ஸ்கி 1915-இல் கீவ் நகரில் பிறந்தவர். ஓவியம் பயின்றவர். 1950-இல் கொரெஸ்ம் பகுதியில் அகழாய்வு செய்த குழுவோடு, கண்டெடுத்த பொருள்களை வரையும் பணிக்காக மத்திய ஆசியாவுக்கு வந்தார். ஏரல் கடலுக்குத் தெற்கே உள்ள காரகல்பாக்ஸ்தான் பகுதி அவரைப் பிடித்துக்கொண்டது. மாஸ்கோவில் இருந்த வாழ்வை விட்டுவிட்டு, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்த நுக்குஸ் நகரிலேயே தங்கிவிட்டார். முதலில் அவர் சேகரித்தது ஓவியம் அல்ல. அந்த மக்களின் கம்பளங்கள், பூவேலை செய்த ஆடைகள், வெள்ளி நகைகள், கூடாரத்தில் தொங்கவிடும் நெய்த பட்டைகள் முதலியவற்றையே சேகரித்தார். பழசு என்று மக்களே ஒதுக்கிக்கொண்டிருந்த பொருள்கள். அவற்றை வைக்க ஓர் இடம் கேட்டு உள்ளூர்த் தலைவர்களிடம் நடையாய் நடந்து, 1966-இல் அருங்காட்சியகத்தைத் திறக்கச் செய்தார்.

அதன் பிறகுதான் ஓவிய வேட்டை. 1932 ஏப்ரலில் சோவியத் அரசு தனித்தனிக் கலைஞர் குழுக்களையெல்லாம் ஓர் ஆணையால் கலைத்தது. 'சோசலிச யதார்த்தவாதம்' என்ற ஒரே பாணிதான் கலை என்றாயிற்று. உறுதியான தோள்களோடு உழைப்பாளி, விளைந்த கோதுமை வயல், சிரிக்கும் குழந்தைகள். இதற்குள் அடங்காத ஓவியங்கள் பரணிலும் கட்டிலடியிலும் கிடந்தன. சவிட்ஸ்கி மாஸ்கோவிலும் தாஷ்கண்டிலும் இருந்த ஓவியர்களின் விதவைகளையும் பிள்ளைகளையும் தேடிப்போனார். கையில் பணம் இல்லை, பிறகு தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஓவியங்களைச் சுருட்டி இரயிலில் ஏற்றினார். அலெக்சாண்டர் வோல்கோவ், உஸ்தோ மூமின், மிக்கேல் குர்ஸின் என்று நாம் கேள்விப்படாத பெயர்கள். 1984-இல் இறந்தபோது கடனோடுதான் இறந்தார். பழங்கால வெண்கலப் பொருள்களைச் சுத்தம் செய்ய அவர் பயன்படுத்திய ஃபார்மலின் நுரையீரலைக் கெடுத்துவிட்டது என்று சொல்கிறார்கள். அவர் விட்டுச்சென்ற தொகுப்பில் ஓவியங்களும் வரைபடங்களும் மட்டும் 40,000 என்பது படம் தரும் கணக்கு.

இப்படி ஒரு வாழ்க்கை கையில் கிடைத்தால் படம் எடுப்பவருக்கு வேறென்ன வேண்டும்? ஒரு தனி மனிதர் ஒரு பேரரசின் கண்ணில் மண்ணைத் தூவினார். விமர்சகர்களைக் கவர்ந்ததும் இதுதான். படத்தின் வடிவத்தில் புதுமை ஒன்றும் இல்லை. பழைய புகைப்படங்கள், பழைய செய்திப்படத் துண்டுகள், பேட்டிகள், நடுவே நடிகர்களின் குரல் என்று தொலைக்காட்சிக்குப் பழகிய வடிவமே. ஆனாலும் ஓவியங்கள் திரையை நிரப்பும்போது வடிவத்தைப் பற்றிய குறை மறந்துபோகிறது. மாதுளைச் சிவப்பும் பாலைவன மஞ்சளும் எரியும் வோல்கோவின் வண்ணங்களை எந்த வடிவத்தில் காட்டினால் என்ன!

மத்திய ஆசியக் கலையை ஆராய்பவர்களிடையே வேறொரு முணுமுணுப்பு உண்டு. 'தடைசெய்யப்பட்ட' என்ற சொல் சரிதானா என்று அவர்கள் கேட்கிறார்கள். நுக்குஸ் அருங்காட்சியகம் இரகசியக் குகை அல்ல. அது ஓர் அரசு நிறுவனம். ஓவியங்கள் வாங்கப்பட்டது அரசுப் பணத்தில். அதற்கான ஆணைகளில் கையெழுத்திட்டவர்கள் காரகல்பாக் பகுதியின் கட்சி அதிகாரிகள். தடைசெய்யப்பட்டவை சில, யாருக்கும் வேண்டாமல் கிடந்தவை பல. இந்த முணுமுணுப்பை நான் மதிக்கிறேன். ஏனெனில் இது சவிட்ஸ்கியைச் சிறியவராக்கவில்லை. மாறாக, படத்தில் முகம் தெளிவாகத் தெரியாத சிலரைப் பெரியவர்களாக்குகிறது. அந்த அதிகாரிகள் யார்? எதற்குப் பணம் போகிறது என்று தெரியாமலா அவர்கள் கையெழுத்திட்டார்கள்? சிலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாததுபோல் இருந்திருப்பார்கள். அன்றைய ஆட்சியில் தெரியாததுபோல் இருப்பதற்கும் விலை உண்டு.

இங்கே இறைவாக்கினர் எரேமியா நூலின் 36-ஆம் அதிகாரம் நினைவுக்கு வராமல் போகாது. தணிக்கையைப் பற்றி விவிலியத்தில் இதைவிடத் துல்லியமான காட்சி இல்லை. குளிர்காலம். அரசன் யோயாக்கிமின் முன்னே கணப்பு எரிகிறது. எரேமியா சொல்லச் சொல்லப் பாரூக்கு எழுதிய ஏட்டுச்சுருள் வாசிக்கப்படுகிறது. மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்பட்டதும் அரசன் அந்தப் பகுதியைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். சினம்கூட இல்லை, நிதானமாகப் போடுகிறான். அதைக் கண்டு யாரும் அஞ்சவில்லை, ஆடைகளைக் கிழித்துக்கொள்ளவும் இல்லை என்று நூல் குறிப்பிடுகிறது. ஆனால் எரிக்க வேண்டாம் என்று கெஞ்சிய மூவரின் பெயரை அது மறக்கவில்லை. எல்நாத்தான், தெலாயா, கெமரியா. மூவருமே அரண்மனை அதிகாரிகள். அதற்கு முன்பே, நீயும் எரேமியாவும் ஒளிந்துகொள்ளுங்கள், எங்கிருக்கிறீர்கள் என்று எவரும் அறிய வேண்டாம் என்று பாரூக்கை எச்சரித்து அனுப்பியதும் அந்த அரண்மனை அதிகாரிகள்தாம். அதாவது இறைவார்த்தை எரிந்துபோகாமல் மீண்டும் எழுதப்பட்டதில், அரசனிடம் சம்பளம் வாங்கியவர்களுக்கும் பங்கு இருக்கிறது. நுக்குஸ் நகரத்து அதிகாரிகளுக்குப் பெயர் சொல்ல ஒரு பாரூக்கு கிடைக்கவில்லை.

இத்தகைய படத்தைப் பார்க்கும் கத்தோலிக்கருக்கு ஓர் எளிய ஆறுதல் தோன்றலாம். கடவுளை மறுத்த ஆட்சி கலையையும் அழித்தது, பார்த்தீர்களா என்று சொல்லிவிட்டு எழுந்துபோகலாம். அப்படி எழுந்துபோக நம் வரலாறு விடாது.

உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் பீடச்சுவரில் மைக்கேல் ஆஞ்சலோ 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தை 1541-இல் முடித்தார். ஆடையற்ற உடல்கள் ஆலயத்துக்கு அடுக்குமா என்ற கூச்சல் அப்போதே எழுந்தது. திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் திருவுருவங்களைப் பற்றிய ஆணையை வெளியிட்டது. மறு ஆண்டு மைக்கேல் ஆஞ்சலோ இறந்தார். அவருடைய சீடர்களில் ஒருவரான தனியேலே தா வோல்தெர்ராவே உருவங்களுக்குத் துணி வரையும் பணியில் அமர்த்தப்பட்டார். பாவம், 'கால்சட்டை போடுபவர்' என்ற பட்டப்பெயரோடுதான் அவர் இன்றும் அறியப்படுகிறார். பெரும்பாலான இடங்களில் அவர் மேலே வண்ணம் பூசியதோடு விட்டார். ஆனால் புனித கத்தரீன், புனித பிளேசியார் ஆகிய இருவரின் உருவங்கள் இருந்த சுண்ணப் பூச்சைச் செதுக்கியே எடுத்துவிட்டுப் புதிதாக வரைந்தார். எனவே 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தச் சுவர் சுத்தம் செய்யப்பட்டபோது அந்தப் பகுதியில் மீட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மூல ஓவியம் எப்படி இருந்தது என்பதை இன்று நாம் பெரிதும் அறிவது ஒரு பிரதியின் வழியாக. அதைத் தணிக்கைக்கு முன்பே, 1549-இல், மர்செல்லோ வெனுஸ்தி என்ற ஓவியரைக்கொண்டு வரையச் செய்தவர் அலெக்சாந்தரோ பர்னேசே. அவரும் ஒரு கர்தினால்தான். மறைக்கச் சொன்ன கையும் காத்து வைத்த கையும் ஒரே திருச்சபையின் கைகள்.

சுத்தம் செய்தவர்கள் எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. பிற்கால நூற்றாண்டுகளில் சேர்க்கப்பட்ட துணிகளில் பலவற்றை அகற்றினார்கள். வோல்தெர்ரா வரைந்தவற்றை அப்படியே விட்டார்கள், அதுவும் வரலாற்றின் சாட்சியம் என்பதால். தணிக்கை நடந்தது என்ற உண்மையையும் தணிக்கை செய்யாமல் விட்டார்கள். 1994 ஏப்ரல் 8 அன்று அந்தச் சுவரின் முன் திருப்பலி நிறைவேற்றிய திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், அந்தச் சிற்றாலயத்தை மனித உடலின் இறையியலுக்கான திருத்தலம் என்ற பொருளில் புகழ்ந்தார். இடையில் 450 ஆண்டுகள்! தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல் இனிச் சட்டமாகாது என்று திருச்சபை அறிவித்தது 1966 ஜூன் மாதத்தில். நுக்குஸ் அருங்காட்சியகம் பிறந்த அதே ஆண்டு. இது தற்செயல்தான், இதில் மறைபொருள் எதையும் தேட வேண்டாம்.

பழைய கதை என்றும் தள்ள முடியாது. 2006-இல் 'தி டாவின்சி கோட்' திரைப்படம் வந்தபோது இந்தியாவில் கத்தோலிக்க அமைப்புகள் தடை கேட்டன, தமிழக அரசு தடை விதிக்கவும் செய்தது. அந்தப் படம் நல்ல படமா, அது சொன்ன வரலாறு சரியா என்பது வேறு கேள்வி. வரலாறு தவறு, அதில் ஐயமில்லை. பிடிக்காததைக் கண்டால் முதலில் அரசின் கதவைத் தட்டும் பழக்கம் நமக்கும் உண்டு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனிப் பொய்யைப் பற்றி. படத்தில் என்னை மிகவும் நிறுத்தி வைத்த இடம் அதுதான்.

நதேஷ்தா போரோவயா என்ற பெண் ஓவியர். அவருடைய கணவரை ஸ்டாலின் ஆட்சி சுட்டுக் கொன்றது. அவரை 1938-இல் தெம்னிகோவ் முகாமுக்கு அனுப்பியது. அங்கே அவர் மறைவாகச் சிறு சிறு கோட்டோவியங்களாக முகாம் வாழ்வை வரைந்தார். கூனிய முதுகுகள், பலகைக் கட்டில்கள், கூட்டம் கூட்டமாகப் பெண்கள். சவிட்ஸ்கி அந்தத் தாள்களைக் கண்டார். வாங்குவதற்கு அரசுப் பணம் வேண்டும். சோவியத் முகாமின் படங்கள் என்று சொன்னால் பணம் கிடைக்காது. ஓவியங்களோடு அவரும் போய்ச்சேர வேண்டியதுதான். ஆகவே இவை நாத்சி வதைமுகாமின் காட்சிகள் என்று சொன்னார். பணம் வந்தது. ஓவியங்கள் பிழைத்தன.

விமர்சனங்களில் இந்த நிகழ்ச்சி சவிட்ஸ்கியின் சாதுரியத்துக்கு எடுத்துக்காட்டாகவே வந்துபோகிறது. இரசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். குருமடத்தில் அறநெறி இறையியல் படித்த யாருக்கும் அவ்வளவு எளிதாகப் போக முடியாது. அந்த வகுப்பில் கேட்கப்படும் பழைய கேள்வி ஒன்று உண்டு. கொலைகாரன் கதவைத் தட்டி, தேடிவந்த ஆள் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால் என்ன சொல்வாய்? புனித அகுஸ்தினார் அசையவே இல்லை. எந்தக் காரணத்துக்காகவும் பொய் சொல்லலாகாது என்பார். விடுதலைப் பயண நூலில் சிப்ரா, பூவா என்ற மருத்துவப் பெண்கள் பார்வோனிடம் பொய் சொல்லி எபிரேயக் குழந்தைகளைக் காப்பாற்றினார்கள், கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் என்கிறதே? புனித தாமஸ் அக்குவினாவின் விடை நுணுக்கமானது. கடவுள் பரிசளித்தது அவர்களுடைய இறையச்சத்துக்கும் நல்லெண்ணத்துக்கும், தொடர்ந்து வந்த பொய்க்கு அல்ல என்கிறார். இராகாபும் ஒற்றர்களை மறைத்து வைத்துவிட்டுப் பொய் சொன்னவளே. அவளை நம் ஆண்டவரின் மூதாதையர் பட்டியலில் மத்தேயு சேர்த்திருக்கிறார்.

இது இன்னும் முடியாத விவாதம் என்பதற்குக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே சான்று. 1992-இல் வந்த முதல் பதிப்பில் பொய்யை வரையறுக்கும் 2483-ஆம் எண், உண்மையை அறியும் உரிமை உள்ளவரைத் தவறான எண்ணத்துக்கு உட்படுத்துவது என்ற பொருளில் அமைந்திருந்தது. 1997-இல் இலத்தீன் மூலப்பதிப்பு வந்தபோது 'உரிமை உள்ளவரை' என்ற பகுதி நீக்கப்பட்டது. ஆனால் உண்மையை அறிய உரிமை இல்லாதவரிடம் அதை வெளிப்படுத்தக் கடமை இல்லை என்ற 2489-ஆம் எண் அப்படியே இருக்கிறது. மௌனம் காக்கலாம், பூடகமாகப் பேசலாம். நேரடியாகப் பொய் சொல்லலாமா? நூல் அந்தக் கதவைத் திறக்கவில்லை. சவிட்ஸ்கி மௌனமாக இருந்திருந்தால் பணம் வந்திருக்காது.

நான் அவரைத் தீர்ப்பிட வரவில்லை. போரோவயாவின் தாள்கள் அடுப்புக்குப் போயிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. ஆனால் அந்தப் பொய்யின் உள்ளடக்கத்தைச் சற்று உற்றுப்பாருங்கள். ஒரு பெண் தன் உயிரைப் பணயம் வைத்து, 'இது எனக்கு நடந்தது, என் நாட்டில் நடந்தது' என்று சாட்சியம் எழுதி வைத்தாள். அந்தச் சாட்சியத்தைக் காப்பாற்ற அதன் மேல் 'இது வேறோரிடத்தில், எதிரி செய்தது' என்று எழுத வேண்டியதாயிற்று. தாள் பிழைத்தது, சாட்சியின் வாய் கட்டப்பட்டது. கொடுமை செய்தவர்களே அந்த ஓவியங்களுக்கு முன் நின்று, ஹிட்லர் எவ்வளவு கொடியவன் என்று பெருமூச்சு விடலாம் என்ற நிலை. சவிட்ஸ்கி 1984-இல் இறந்தார். சோவியத் நாட்டில் வெளிப்படையாகப் பேசும் காலம் தொடங்கியது அதற்குப் பிறகு. தாம் ஒட்டிய பொய்ச்சீட்டைத் தாமே வெளிப்படையாகக் கிழித்தெறியும் நாளை அவர் காணவில்லை. அந்த வேலை வேறொருவருக்கு விடப்பட்டது.

அந்த வேறொருவரைப் பற்றித்தான் பாராட்டுரைகள் போதுமான அளவு பேசவில்லை என்பது என் கருத்து. 1984-இல் சவிட்ஸ்கிக்குப் பின் அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றவர் மரினிகா பாபநசரோவா. சவிட்ஸ்கியின் நெருங்கிய நண்பர் ஒருவரின் மகள். 30 ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். சோவியத் ஒன்றியம் உடைந்தது, மாஸ்கோவிலிருந்து வந்த பணம் நின்றது, ஏரல் கடல் வற்றி உப்புப் புழுதி கிளம்பியது. வெளிநாட்டு வணிகர்கள் வந்து விலை பேசினார்கள். ஒன்றிரண்டை விற்றால் கூரையைச் சரிசெய்யலாமே என்று யாருக்கும் தோன்றியிருக்கும். அவர் விற்க மறுத்தார். ஒளித்து வைத்ததை வெளியே எடுத்து, வரைந்தவரின் உண்மைக் கதையோடு மாட்டியது அவருடைய காலத்தில்தான். படத்திலும் அவர் வருகிறார், நிதானமாகப் பேசுகிறார். ஆனால் கதாநாயகர் இறந்தவராக இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது. அவரைப் பாராட்டுவதால் எந்த அரசுக்கும் கோபம் வராது.

உயிரோடு இருப்பவருக்கு என்ன நடந்தது? 2010 நவம்பரில் அருங்காட்சியகத்தின் இரண்டு கட்டடங்களில் ஒன்றை 48 மணி நேரத்துக்குள் காலி செய்யுமாறு அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். எளிதில் சேதமாகக்கூடிய நூற்றுக்கணக்கான ஓவியங்கள் அவசர அவசரமாக அகற்றப்பட்டன. 2011 மார்ச்சில் அமெரிக்காவில் படம் வெளியானபோது அங்கே செல்ல பாபநசரோவாவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. இவற்றை 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் அப்போதே செய்தியாக வெளியிட்டது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆனால் செய்திப் பக்கத்தில் வந்தது செய்தியாக நின்றுவிட்டது. படத்தைக் கொண்டாடிய எழுத்துகளில் பெரும்பாலும் பழைய தணிக்கையாளர்களைப் பற்றிய பேச்சுதான். சோவியத் ஆட்சி போய் 20 ஆண்டுகள் ஆகியும் அதே கட்டடத்தின் வாசலில் வேறொரு சட்டை அணிந்த ஆள் நின்றுகொண்டிருந்தான்.

2015-இல் அவர் பதவியிலிருந்து வெளியேற்றப்பட்டார். மூல ஓவியங்கள் திருடப்பட்டு, அவற்றின் இடத்தில் போலிகள் வைக்கப்பட்டன என்று குற்றச்சாட்டு எழுந்தது. அவர் மறுத்தார். அருங்காட்சியக ஊழியர்கள் அவருக்கு ஆதரவாகப் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள். அன்றைய உஸ்பெகிஸ்தானில் அரசு நிறுவனத்தின் ஊழியர் அப்படிக் கையெழுத்திடுவது சாதாரணமான செயல் அல்ல. எல்நாத்தானும் தெலாயாவும் கெமரியாவும் மீண்டும் எழுந்து நின்றார்கள் என்றே நான் நினைத்துக்கொண்டேன்.

எது போலி, எது மூலம் என்ற கேள்வி இத்தகைய தொகுப்பில் தானாகவே எழக்கூடியது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒளிவாகச் சேகரித்தவர் எல்லாவற்றுக்கும் இரசீது வாங்கி வைத்திருக்க மாட்டார். யாரிடமிருந்து, எப்போது, எவ்வளவுக்கு என்பதை எழுதி வைத்தால் அதுவே ஒருநாள் காவல்துறையின் கைக்குப் போகும். ஆபத்துக் காலத்தில் காத்துக்கொடுத்த அதே மறைவு, பிற்காலத்தில் காவலரின் மேல் சந்தேகமாகத் திரும்புகிறது. பொய்ச்சீட்டைப் போலவே இதுவும் ஒளித்து வைப்பதன் விலை. படம் இந்த விலையைக் கணக்கில் காட்டவில்லை. 2010-இல் முடிந்த படம் 2015-ஐ எப்படிக் காட்டும் என்று கேட்கலாம், சரிதான். ஆனால் விமர்சகர்கள் அதை மீட்பு முடிந்துவிட்ட கதையாக வாசித்தது அவர்களுடைய பொறுப்பு.

இன்னொன்றும் உறுத்துகிறது. சவிட்ஸ்கியின் உத்தியே யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான். மாஸ்கோவிலிருந்து வந்த ஆய்வுக்குழு ஒரு காளையின் ஓவியத்தைக் கண்டு முகம் சுளித்தபோது அதைக் கழற்றி வைத்தார். அவர்கள் போன பிறகு மீண்டும் மாட்டினார் என்று ஒரு கதை படத்தில் உண்டு. யாரும் எட்டிப்பார்க்காத ஊர் என்பதே அவருக்குக் கேடயம். படமும் அதற்குக் கிடைத்த புகழும் அந்தக் கேடயத்தை எடுத்துவிட்டன. புகழ் பாதுகாப்பும் தரும், ஏனென்றால் உலகம் பார்க்கும்போது அழிப்பது கடினம். அதே புகழ், இத்தனை மதிப்புள்ள சொத்து ஓர் எளிய பெண்மணியின் பொறுப்பிலா இருக்கிறது என்ற எண்ணத்தையும் மேலிடத்தில் எழுப்பும். நுக்குஸில் எது எந்த அளவுக்கு நடந்தது என்று நான் அளந்து சொல்லப்போவதில்லை. ஆனால் ஓர் ஒளிவிடத்தை உலகுக்குக் காட்டும் படத்தை மதிப்பிடுபவர்கள், அதைக் காட்டிய பிறகு உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று ஒரு வரியாவது கேட்டிருக்க வேண்டும்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2016-இல் அதிபர் கரிமொவ் இறந்த பிறகு உஸ்பெகிஸ்தான் கதவுகளைச் சற்றே திறந்தது. 2017-இல் நுக்குஸ் ஓவியங்கள் மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. எங்கிருந்து ஓடிவந்தனவோ அங்கேயே விருந்தினராகப் போயின. பிறகு ஃபுளோரன்ஸ், வெனிஸ். அரசே பெருமையோடு அனுப்பி வைக்கிறது. இடையில் 2022 ஜூலையில் காரகல்பாக்ஸ்தானின் தன்னாட்சி உரிமையைக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை எதிர்த்து அதே நுக்குஸ் நகரில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அரசின் கணக்குப்படியே 21 பேர் இறந்தார்கள். திருத்தம் கைவிடப்பட்டது. அந்த நாள்களை யாராவது வரைந்திருந்தால் அந்தத் தாள்கள் இப்போது எந்தப் பரணில் இருக்கின்றனவோ.

பங்கு இளையோர் குழுக்களோ அன்பியங்களோ இந்தப் படத்தைப் பார்க்க வாய்ப்பு அமைந்தால், முழுவதையும் ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம் என்பது என் யோசனை. போரோவயாவின் கோட்டோவியங்கள் வரும் இடத்தில் சற்று நிறுத்துங்கள். நீங்கள் அந்த அதிகாரியின் நாற்காலியில் இருந்து, சவிட்ஸ்கி சொல்வது பொய் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், கையெழுத்துப் போட்டிருப்பீர்களா என்று கேளுங்கள். அவசரமாகப் பதில் சொல்பவர்களிடம் எரேமியா 36-ஐ ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மீதிப் படத்தைப் பார்க்கலாம்.